மாப்பிள்ளை வாட்ச்

செம்மண்டலம்,
கடலூர்.

அன்பு மகன் இளவரசுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். வீடியோவில் கன்னம் ஒட்டித் தெரிகிறது, கேமராவைக் குறை சொல்லாதே. தினமும் பேசுகிற மகனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பக்கத்தில் உன் அம்மா இருப்பாள். வாட்ஸப்பில் போட்டால் நீ படித்து முடிப்பதற்குள் வெண்மதிக்குத் தட்டிவிடுவாய். கட்டிக்கப்போகிற பெண்ணிடம் எதையும் மறைக்காத பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் இது அவள் கண்ணில் படக்கூடாத சமாச்சாரம். உறை ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்தக் கோடு விலகியிருந்தால் எவனோ பிரித்திருக்கிறான் என்று அர்த்தம், உடனே சொல்.

கல்யாண வேலை நடக்கிறது. சமையல்காரர் இளிக்கிற இளிப்பைப் பார்த்தால் முந்திரியில் கை வைப்பார் என்று தோன்றியது, அதனால் அண்ணாகிராமம் போய் முந்திரியை நானே வாங்கிவந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்கிறாள், அட்டையைப் பார்த்தேன், நாலு காலியாக இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் காலி. நீ கேட்டால் என் பேரைச் சொல்லாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயத்தன்று வெண்மதியின் அண்ணன் சேரன் உன்னிடம் வந்து, மேடையில மச்சான் போடுற வாட்ச் என்னா கம்பெனி வேணும்னு கூச்சப்படாம சொல்லுங்க மாப்ள என்று கேட்டான். நீ, புதுசு வேணாம் மச்சான், சாவி கொடுக்குற பழைய வாட்ச் ஒண்ணு போதும் என்றாய். அவனுக்குச் செலவு குறையட்டும் என்று சொன்னாயோ உன் ஆசைக்குச் சொன்னாயோ, தகப்பன் இல்லாத வீட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்துக்கொண்டு தங்கை கல்யாணத்தை ஒற்றை ஆளாக இழுக்கிற பையன் தலையில் பெரிய பாரத்தை ஏற்றிவிட்டாய். புதுசு என்றால் கடைக்குப் போனோம், பில் வாங்கினோம், வந்தோம். பழசில் எது நிஜம் எது பொய் என்று யார் கண்டது?

பத்து நாள் முன்பு சேரன் போட்டோ அனுப்பினான். சேத்தியாத்தோப்பில் ஒரு டாக்டர் வீட்டில் கிடைத்த அசல் சுவிஸ் வாட்சாம், டாக்டர் காலமாகிவிட்டாராம், பதினாலாயிரமாம். டயல் உரித்த முட்டை மாதிரி இருந்தது. ஐம்பது வருஷத்து வாட்சுக்கு அப்படி ஒரு வெள்ளையா? பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து, டீக்கடையில் நின்றுவிட்டுப் பஞ்சர் என்று புளுகினவர்களை எல்லாம் பார்த்தவன் நான், எனக்குச் சுருக்கென்றது. மஞ்சக்குப்பத்தில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிற பொன்னுரங்கத்திடம் யாரோ சிநேகிதர் வாங்குவதாகச் சொல்லிக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எழுத்தப் பாருங்க சார், அசல் டயல்ல முடி மாதிரி இருக்கும், இது கோலமாவு கொட்டுன மாதிரி தடிச்சிக் கெடக்கு என்றார். பட்டை மாட்டுகிற கொம்புகள் கூராக இருக்கவேண்டுமாம், பாலிஷில் தேய்த்தால் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிவிடுமாம், சாவித் திருகில் கம்பெனி முத்திரை இருக்கவேண்டுமாம், பின்மூடியைத் திறந்தால் உள்ளே மெஷினிலும் வெளியே டயலிலும் ஒரே பேர் இருக்கவேண்டுமாம். விலை கேட்டேன். கைபடாததா இருந்தா கறையோட இருந்தாக்கூட பதினஞ்சு குடுக்கலாம், இது ஆறுக்கு மேல பெறாது சார் என்றார்.

அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது. ஒன்று சேரன் ஏமாந்திருக்க வேண்டும், இல்லை நம்மை ஏமாற்றுகிறவனாக இருக்க வேண்டும். என் புத்தி இருக்கிறதே, அது இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டாரைக் கிள்ளுக்கீரை என்று நினைத்துவிட்டார்கள், ஆறாயிரத்துப் பொருளைப் பதினாலு என்று கணக்குக் காட்டுகிறார்கள் என்று எனக்கு நானே பேசிக்கொண்டு, பொன்னுரங்கத்திடம் கண்ணில் மாட்டுகிற லென்ஸை இரவல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வருவதாகச் சாக்குச் சொல்லிச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

கீழவீதியில் அவர்கள் கடையும் வீடும் ஒன்றுதான், முன்னால் கடை, திரைக்குப் பின்னால் வீடு. சம்பந்தியம்மா பவானி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள், நான் தொடவில்லை. வாட்சைக் கேட்டேன், சேரன் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தான், நான் லென்ஸை மாட்டினேன். பொன்னுரங்கம் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது, தடித்த எழுத்து, மழுங்கின கொம்பு, முத்திரை இல்லாத திருகு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஏம்ப்பா, மாப்ளைக்குப் போலிதான் போடணும்னு வேண்டுதலா, இல்ல கெழவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சிக்கினியா என்று கேட்டுவிட்டேன். கடையில் பல்பு வாங்க வந்த ஒருத்தர் வேறு நின்றிருந்தார்.

சேரன் மேசை டிராயரைத் திறந்து ஒரு மோதிரப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தான். உள்ளே பஞ்சில் ஒரு பழைய டயல், மஞ்சள் பூத்து, ஓரத்தில் டீக்கறை மாதிரி படர்ந்து, எழுத்து முடி மாதிரி. பக்கத்தில் முத்திரை போட்ட திருகு. நாலாக மடித்த பழைய பில்லும் இருந்தது, டாக்டர் பேரோடு. மாமா, வாங்குனப்ப இதுதான் இருந்திச்சு, செத்தவரு கையில கெடந்தத கறையோட மாப்ளைக்குப் போட்டா சபையில நாலு பேரு என்னா பேசுவாங்கன்னு அம்மா அழுதாங்க, அதான் மெட்ராசுல குடுத்து புது டயல் போட்டு, மெருகு போட்டு, திருகும் மாத்தினேன், அதுக்கு ஆறாயிரம் தனியா ஆச்சி, தப்பா மாமா என்று கேட்டான்.

நான் அப்போதும் பில்லில் இருந்த நம்பரையும் பின்மூடியில் இருந்த நம்பரையும் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன் என்றால் நான் எப்படிப்பட்ட ஜென்மம் என்று பார்த்துக்கொள். அத்தனையும் பொருந்தியது. அசலிலும் அசல் பொருளை, மரியாதை வேண்டும் என்று கைக்காசு போட்டு அந்தப் பையன் பாதி விலைக்கு ஆக்கி வைத்திருக்கிறான். அவனுக்கு அது தெரியாது. இப்போதும் தெரியாது. தப்பே இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி, ஆறி ஆடை படிந்த காபியை எடுத்துக் குடித்தேன். புறப்படும்போது பவானி அம்மா வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல், புது வாட்சே வாங்கிடுறோம் சம்பந்தி, மனசுல வச்சிக்காதீங்க என்றார்கள். திரைக்குப் பின்னால் எல்லாம் கேட்டிருக்கிறது. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. என் மகன் இந்த வாட்சத்தான் கட்டுவான், வேற கட்ட மாட்டான் என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாக்குக்காகத்தான் இந்தக் கடிதம். உனக்கு வாட்ச் தெரியும், பார்த்த மாத்திரத்தில் டயல் மாற்றினது என்று கண்டுபிடித்துவிடுவாய், உன் முகம் எதையும் மறைக்காது. மேடையில் எல்லார் கண்ணும் உன் முகத்தில்தான் இருக்கும், முக்கியமாகச் சேரனுடையது. அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். பழைய டயலையும் திருகையும் மாமாகிட்டயே இருக்கட்டும் என்று கொடுத்தான், பஸ்ஸில் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தேன், முந்திரிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது, தபாலை நம்பி அனுப்ப மாட்டேன். ஒரு வருஷம் போகட்டும், பொன்னுரங்கம் மாற்றித் தந்துவிடுவார். மழுங்கின கொம்பு மட்டும் திரும்ப வராதாம். நான் அந்தக் கடையில் சொன்ன வார்த்தையும் அப்படித்தான் கிடக்கிறது, அதற்கு நீதான் ஏதாவது செய்யவேண்டும்.

நீயும் வெண்மதியும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும், அப்பா அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. விமானத்தில் பெட்டிக்கு இரண்டு பூட்டு போடு. மறக்காமல் ஒன்று செய், மேடையில் சேரன் கட்டி முடித்ததும் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. மணி எவ்வளவு என்று மட்டும் பார்த்து, அவன் காதில் விழும்படி சத்தமாகச் சொல். சரியாகத்தான் இருக்கும், அதையும் நான் சோதித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தங்கராசு