மஞ்சள் சேலையில் ஒரு பச்சோந்தி

இன்று காலை ஏரல் கடைத்தெருவில் பேருந்துக்காக நின்றிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. கட்சி மாறிப் போன யாரையோ, "அந்தப் பச்சோந்தியை நம்பாதீர்கள்" என்று மூச்சுவிடாமல் வைதுகொண்டே போனது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ இருந்திருந்தால் ஆட்டோவை மறித்து, மைக்கைப் பிடுங்கி, நடுத்தெருவிலேயே பாடம் நடத்தியிருப்பாய். நீதான் இல்லையே. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நீ விலங்கியல், நான் தமிழ். பள்ளிக்குப் பின்னால் மதில் கட்டுவதற்காக உடைமர வேலியை வெட்டிய நாள் நினைவிருக்கிறதா? வேலைக்கு வந்தவர்கள் ஒரு பச்சோந்தியைக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு நாம் ஓடினோம். "தொடாதிய டீச்சர், அது மூச்சுக்காத்து பட்டாலே வெஷம்" என்று ஒருவர் கத்தினார். நீ குனிந்து அதை அள்ளி, உன் தோளில் விட்டாய். அன்று நீ கட்டியிருந்தது கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சேலை. அந்த மஞ்சளின் மேல் அது கருகருவென்று உடம்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது.

"பாருங்க அண்ணாச்சி, இருக்க இடத்துக்குத் தக்கன நெறம் மாறும்னு சொல்லுதியளே. மஞ்ச சேலையிலதான இருக்கு? மஞ்சளா ஆச்சா? பயந்துபோய்க் கெடக்கு. அதான் கருத்துட்டு."

கம்பு வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டார். நாம் ஆற்றங்கரை மருதமரத்தை நோக்கி நடந்தோம். வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் இருக்கின்றனவாம். உடம்பு அமைதியாக இருந்தால் அவை நெருங்கி நின்று பச்சையைக் காட்டும், இணையையோ எதிரியையோ கண்டால் விலகி மஞ்சளையும் சிவப்பையும் காட்டும். பயந்தால் கருநிறம் மேலே பரவும். காலைக் குளிரில் வெயிலை வாங்கிக்கொள்ளவும் கருத்துக்கொள்ளும். "மனசுல உள்ளத மறைக்கவே தெரியாதுட்டி அதுக்கு. உள்ள என்னவோ அதான் வெளிய. உங்க தமிழ்க்காரங்கதான் இத நம்பிக்கைத் துரோகின்னு ஆக்கி வச்சிருக்கிய" என்றாய். மரத்தடி நிழலுக்கு வந்தபோது உன் தோளில் இருந்தது மெல்ல மெல்ல இலைப்பச்சையாகிக்கொண்டிருந்தது. மஞ்சள் சேலையின் மேலேயே.

அதற்கு அடுத்த ஆண்டு உன் கணவர் மாரடைப்பில் போனார். விடுப்பு முடிந்து நீ வந்த காலையில் ஆசிரியர் அறையே உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ வழக்கம்போலக் கிளிப்பச்சைச் சேலை கட்டி, பொட்டு வைத்து வந்திருந்தாய். மூத்த ஆசிரியை ஒருவர், உன் காதில் விழட்டும் என்றே, "ஆளு போயி அழுத கண்ணு காயல. அதுக்குள்ள பச்சோந்தி மாதிரி நெறம் மாறியாச்சு" என்றார்.

நீ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாய்.

"நான் எங்கன மாறுனேன்? போன வருசமும் பச்ச கட்டுனேன், இன்னைக்கும் பச்ச கட்டிருக்கேன். போன வருசம் 'சேல நல்லாருக்கு, எங்க எடுத்த'ன்னு கேட்டது நீங்கதான். இப்ப யாரு மாறியிருக்கா? கணவாய் மீனு உசுரக் காப்பாத்த மண்ணு நெறத்துக்கு மாறுது. பச்சோந்தி பயத்துல மாறுது, குளுர்ல மாறுது. நீங்க எதுக்கு மாறுதிய?"

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவுக எடுத்துக் குடுத்த சேலட்டி. அவுக போனா சேலைக்குச் சாயம் போயிருமா?" என்று பிறகு என்னிடம் மட்டும் கேட்டாய்.

அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் நீ நினைத்த நிறத்தில்தான் வந்தாய். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "என்னை வெள்ளையில சுத்த விட்டுறாத" என்றாய். நான் சரி என்றேன். ஆனால் நீ போன செய்தி கேட்டு நான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, உன் கொழுந்தனார் வெள்ளைச் சேலையை எடுத்துக் கொடுக்க, பெண்கள் அதை உனக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார்கள். கையோடு கொண்டுவந்திருந்த பச்சைச் சேலையை நீட்டினேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? நீங்க வெளியாளு, இதுல தலையிடாதிய" என்றார் கொழுந்தனார்.

"அவ பேசுற வரைக்கும் அவகிட்ட இதச் சொல்ல உங்கள்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. வாய் மூடுன பெறவு வெள்ளையத் தூக்கிட்டு வந்துட்டிய" என்று கத்தினேன். யாரோ இரண்டு பெண்கள் என்னை வாசலுக்கு அழைத்துப் போனார்கள். உன்னை வெள்ளையில்தான் எடுத்துப் போனார்கள். உயிரோடு இருந்தவரை யாராலும் மாற்ற முடியாத உன் நிறத்தை, நீ எதிர்த்துப் பேச முடியாத நேரம் பார்த்து மாற்றிவிட்டார்கள். அதை முறை என்றார்கள். அந்த முறையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

நம் பள்ளி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை உனக்குத் தெரியாது. சின்ன வயது. போன மாதம் அவள் கணவன் பைக்கிலிருந்து விழுந்து இறந்துபோனான். திரும்பி வந்த அன்று மதியம், சாப்பாட்டு நேரத்தில், தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு துண்டு பிச்சிப்பூச் சரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், நான் இத வச்சா தப்பா?"

உன் குரல் எனக்குள்ளிருந்து வந்ததா, என் குரல்தானா, தெரியவில்லை.

"யாருகிட்டயும் கேக்காத. திரும்பு" என்றேன். எல்லாரும் பார்க்க, நானே அவள் தலையில் வைத்துவிட்டேன்.