இழுக்கலையா, விடலையா

மார்ச் 4, செவ்வாய்

மூணு வருஷமாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த படகு மோட்டார் இன்று முழுசாக நாலு நிமிஷம் ஓடியது, ஓடியே விட்டது, சொல்லத்தான் ஆள் இல்லை.

செய்ததைக் குறித்து வைக்கிறேன். பழைய பெட்ரோலை முழுக்க வடித்தேன், வார்னிஷ் நாற்றம். கார்புரேட்டரைக் கழற்றி ஊசித்துளையெல்லாம் ஊதினேன். பிளக் புதுசு. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, மோட்டாரின் அடிக்காலைத் துறையோரம் வைத்த தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிக் கயிற்றை இழுத்தேன். பதினேழாவது இழுப்பில் பிடித்தது. எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஓடும்போது மோட்டாரின் இடுப்பிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். உள்ளே போய்ச் சூட்டைத் தணித்துவிட்டு வருகிற தண்ணீர் அது. வரவே இல்லை. பயந்து அணைத்துவிட்டேன்.

மார்ச் 5

இறங்குதுறைக் காவலர் டிரம்மை ஒரு தடவை சுற்றி வந்தார். "மாசக் கடைசிக்குள்ள படகு தானா ஓடி ஒரு சுத்து வரணும்மா. இல்லைன்னா இந்த இடம் வேற ஆளுக்கு. சும்மா கட்டிப்போட இது என்ன மாட்டுக்கொட்டகையா?"

என்ன செய்யலாமென்று அண்ணனுக்கு எழுதினேன். பதில் வந்தது. "வித்துடு. நீ தனியா என்னத்தப் பண்ணுவ."

ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிய படகு. வேலை கிடைத்ததும் அவன் வெளியூர் போய்விட்டான். என் வேலை இந்த அறையிலேயே: முகம் தெரியாதவர்களின் புகார்களுக்கு நாள் முழுக்கத் தட்டச்சில் பதில். படகும் போனால் நான் எதற்கு வாசலைத் தாண்டணும்?

மார்ச் 6

பழைய மோட்டார் ரசிகர்களின் இணையக் குழுவில் எழுதினேன்: "மோட்டார் தண்ணி இழுக்கலை." பதினோரு பதில். எல்லாரும் ஒரே குரலில் பம்ப்பு என்றார்கள். அதற்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்குமாம். ஆர்டர் போட்டாச்சு.

மார்ச் 14

சக்கரம் மாற்றினேன். அடிக்காலில் ஐந்து போல்ட். ஒன்று துருவேறி முரண்டு பிடித்தது. மூன்று மணி நேரம்.

ஓட்டினேன். தண்ணீர் வரவில்லை.

மார்ச் 15

இன்று வாய் திறந்து பேசியது ஒரே சொல். பார்சல்காரரிடம், "ஆமா."

மார்ச் 16

சக்கரத்தின் இதழ்கள் எதிர்ப்பக்கம் மடங்கியிருக்கலாம் என்கிறது குழு. மறுபடி கழற்றினேன். சரியாகத்தான் இருந்தது. மறுபடி மாட்டினேன். வரலை.

எல்லாரும் "விட்டுடாதீங்க"ன்னு கைதட்டுற படம் போடுறாங்க. ஒருத்தராவது வந்து இந்த அடிக்காலைப் பிடிச்சுக்கிட்டா என்ன? எப்படி வருவாங்க. நான் யாரைக் கூப்பிட்டேன்?

மார்ச் 22

'படகும் மோட்டாரும் விற்பனைக்கு' என்று விளம்பரம் எழுதிவிட்டேன். இன்னும் போடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

விளம்பரத்தோடு போட ஒரு வீடியோ எடுக்கலாம் என்று மோட்டாரை ஓட்டினேன். பெரிய படகுகளின் இன்ஜின் பார்க்கும் பெண் ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், துறையில் டீசல்காரி என்பார்கள், கிரீஸ் கையோடு வந்து நின்றாள்.

"மூணு வாரமா கழட்டுற, மாட்டுற. என்னதான் வியாதி இதுக்கு?"

"தண்ணி இழுக்கலை."

"இழுக்கலையா, விடலையா?"

ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் தலையில் அவள் உள்ளங்கையை வைத்தாள்.

"வெதுவெதுன்னுதான் இருக்கு. இழுக்காம எப்படி இப்படி இருக்கும்? மிச்சத் தண்ணி அடிக்கால் வழியா போயிடுது. வெளிய விடுற ஓட்டையப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. அவள் மோட்டாரை அணைத்துவிட்டு மெல்லிய கம்பியால் ஓட்டையைக் குத்தினாள். காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. குளவிக்கூடு. மறுபடி ஓட்டியதும் பீய்ச்சிய தண்ணீர் என் சட்டையை நனைத்தது.

"அடிப்பாவி, மூக்கடைப்புக்கு இருதயத்தையே மாத்தியிருக்கியே."

அவள் சிரித்தாள். நானும். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதுசாக இருந்தது.

ஒரு சொல்தான். 'வெளியே வரலை' என்று எழுதியிருந்தால் அந்தப் பதினோரு பேரும் ஓட்டையைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.

"கூப்பிடு தூரத்துலதான இருக்கேன். கேட்டிருக்கலாம்ல?"

"யார்கிட்டக் கேக்குறதுன்னு தெரியல."

"அதையாவது கேட்டிருக்கலாம்."

மார்ச் 29, சனி

மோட்டாரைத் தூக்கிப் படகில் மாட்ட ரெண்டு ஆள் வேண்டும். டீசல்காரியிடம் போய்க் கேட்டேன். போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. கேட்டு முடிப்பதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

படகு தானாகவே ஓடி ஒரு சுற்று வந்தது. கரையில் நின்று பார்த்த காவலர், "சரி சரி, கட்டிக்கோ" என்றார்.

அண்ணனுக்கு எழுதினேன்: விற்கவில்லை.

மார்ச் 31

குழுவில் இன்று போட்டது, அப்படியே:

"பழைய மோட்டார் வெச்சிருக்கிறவங்க, வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்கு இறங்குதுறைக்கு வாங்க. ஓடாத மோட்டாரா இருந்தா ரொம்ப நல்லது. மோட்டாரே இல்லைன்னாலும் வாங்க. தெரிஞ்சவங்களுக்கு அனுப்பி வைங்க. வர்றவங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, டீ போடணும். இப்போதைக்கு நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."