மூன்று ஃபிளாப்பிகளுக்கும் பொட்டு

14-10-96, திங்கள்

மகள் அனகாவின் ஆய்வேடு முடிந்தது. பாதியை உதயகுமாரின் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நேராகவே அடித்தாள்; காகிதத்தில் கிடையாது. அவர் ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டார். "எடமில்லீங்க சார். வாரத்துக்கு நாலு தீசிஸ் வருது."

ஒன்று போதும் என்றாள் அனகா. மூன்று எடுக்கச் சொன்னேன். முப்பது வருட ரயில்வே உத்தியோகத்தில் நான் கற்றது, எதற்கும் மூன்று பிரதி. திருத்தி, அச்செடுத்து, 31-க்குள் கொடுக்க வேண்டும். தவறினால் அவளுக்கு வரவேண்டிய கல்லூரி வேலை வேறொருவருக்கு.

17-10-96

ஃபிளாப்பிகள் என் பொறுப்பில். வீட்டில் யாருக்கும் கவலையில்லை.

20-10-96, ஞாயிறு

ஆயுத பூஜை. ஸ்கூட்டர், தையல் மெஷின், அரிவாள்மணை. விசாலாக்ஷி சமையலில் இருந்ததால் பொட்டு வைப்பது நான். ஃபிளாப்பிகளையும் வரிசையில் வைத்தேன். ஒன்றுக்கு வைத்து இரண்டை விடுவது பாரபட்சம். மூன்றின் தகர மூடியிலும் சந்தனம், குங்குமம்.

22-10-96

முதல் ஃபிளாப்பியைப் போட்டதும் கம்ப்யூட்டர் கரகரத்தது. மற்ற இரண்டும் அப்படியே. உதயகுமார் மூடியை நகர்த்திக் காட்டினார். உள்ளே சந்தனம்.

"பொட்டு வெச்சது யாருங்க?"

"வீட்டில் பூஜை நடந்தது" என்றேன். யார் செய்தது என்று சொல்லாத வாக்கியம். இலாகா அறிக்கைகளில் பழகியது.

வீட்டில் அனகா அழுதாள். "அழாதேடி, அப்பாதான் மூணு எடுத்து வெச்சிருக்காரே" என்றாள் விசாலாக்ஷி.

23-10-96

சொல்லிடலாமா? சொன்னா மட்டும் அஞ்சு சாப்டர் வந்துடுமா — வராது. ஆகவே சொல்லவில்லை.

24-10-96

"வருசா வருசம் இதே கூத்துதானுங்க" என்றார் உதயகுமார். பிளேடால் கூட்டைப் பிளந்து, உள்ளிருந்த மெல்லிய தட்டை எடுத்துக் கழுவி, மின்விசிறியில் உலர்த்தி, புதுக் கூட்டில் வைத்தார். முதல் இரண்டும் தேறவில்லை. மூன்றாவது படித்தது. ஐந்து அத்தியாயங்களும்.

"இதுல மட்டும் பொட்டு சின்னதுங்க. அதான் தப்பிச்சுது."

"ஆமாம், சந்தனம் தீர்ந்துபோச்சு" என்றேன்.

அனகா மெதுவாகத் திரும்பினாள். "ஓஹோ. நீங்கதானா?"

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்குக் கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை.

31-10-96

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாயிற்று. புது ஃபிளாப்பிகளில் ஒன்று உதயகுமாரிடம், ஒன்று அவளுடைய பேராசிரியரிடம்.

"வீட்டுக்கு ஒண்ணு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வீட்ல நீங்க இருக்கேளேப்பா" என்றாள்.