கிறீஸ் ஏறாத இடப்பக்கம்

அண்ணை,

முதலில் என்ரை பேரப்பிள்ளைகளின் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகும்போது அரைக்காற்சட்டையோடு திரிந்த மூத்தவன் இப்போது மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம். அவனுடைய தங்கச்சிக்குச் சாதாரண தரத்தில் ஒன்பது ஏ. பள்ளிக்கூட மதிலில் அவளுடைய படம் போட்ட பதாகை மாரி தொடங்குமட்டும் தொங்கியது. சின்னவன் புலமைப்பரிசில் பாஸ். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதனாலோ என்னவோ, எனக்கு அவன்ரை பாஸ்தான் பெரிதாகத் தெரிகிறது.

கனடாவில் பிறந்த பேத்தியைக் கடைசிக்கு வைத்தேன். அவள் அங்கே பெரிய விளையாட்டு மைதானம் ஒன்றில் புல்லு வெட்டுகிற மெசின்களைப் பராமரிக்கிறாள். அதற்கென்றே படித்தவள். கொக்குவிலில் ஆரும் கேட்டால் என்ரை மருமகள் “மைதான முகாமைத்துவம்” என்று இழுப்பாள். நான், மெசினுக்குக் கிறீஸ் அடிக்கிறாள் என்று நேரே சொல்லிவிடுவேன்.

இன்று விடியக்காலை அவள் குடும்ப வட்சப்பில் ஒரு படம் போட்டிருந்தாள். நேற்று ஆயுதபூசை. உன்ரை மெசினுக்கும் ஒரு பொட்டு வை பிள்ளை என்று நான்தான் சொல்லியிருந்தேன். வைத்திருக்கிறாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். வெட்டுகிற உருளையின் இடப்பக்கத்தில் கிறீஸ் ஏற்றுகிற சின்னக் குமிழ் இருக்குமே, நீங்கள் நிப்பிள் என்பீர்களே, சரியாக அதன் வாயிலே சந்தனம். அதற்கு மேலே குங்குமம்.

மூன்று தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. அங்கே படுக்கிற நேரம், போனை நிற்பாட்டியிருப்பாள். அவள் விடிய எழும்பி மெசினை எடுக்கும்போது எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை மணியாகும். அதற்கு முதல் நித்திரையால் எழும்பிப் போனைப் பார்க்க வேணும். சின்னவன்ரை கொப்பியை எடுத்துக்கொண்டு உங்களோடு கதைக்க இருந்துவிட்டேன்.

அந்த வருடம் உங்கடை மெசினுக்கும் பொட்டு வைத்தவள் நான்தான், அண்ணை.

பண்டத்தரிப்பிலிருந்து முதல் பஸ்ஸில் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து இறங்குவீர்கள். தேத்தண்ணி குடிக்க முதல் புல்லு வெட்டுகிற மெசினை ஒருதரம் சுற்றி வருவீர்கள். கியர் பெட்டிக்குள் கம்பியை விட்டு ஒயில் பார்ப்பீர்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணி போய்விட்டதாம். புல்லுப் பிடுங்க வந்த எனக்கு இதெல்லாம் ஏன் என்று ஒருநாளும் நினைக்காமல் சொல்லித் தந்தீர்கள்.

அந்த வருடம் பூசை முடிந்த கையோடு நீங்கள் சைக்கிளால் விழுந்தீர்கள். வலக்கை பூசணிக்காய் மாதிரி வீங்கியது. மெசினை ஓட்டினீர்கள், ஆனால் கிறீஸ் பம்பை அமத்த முடியவில்லை. லீவு கேட்டால் மெசின் வேறு ஆளின் கைக்குப் போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லவும் இல்லை.

“நீ அடி தங்கச்சி. பழைய கிறீஸ் கறுப்பாய் எட்டிப் பாக்கும். பாத்தவுடனை நிப்பாட்டு.”

மூன்று இடத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது. நாலாவது, இடப்பக்க நிப்பிள். அதில் என்ரை பொட்டு காய்ந்து கல்லாகியிருந்தது. சாமிக்கு வைத்ததைச் சுரண்ட மனம் வரவில்லை. பொட்டின் மேலேயே பம்பை வைத்து அமத்தினேன். கறுப்பு வரவில்லை. புதுக் கிறீஸ் மஞ்சளாய் வாயைச் சுற்றி வழிந்தது. உள்ளே ஒன்றும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

“நாலும் அடிச்சாச்சோ?” என்று இருக்கையில் இருந்தபடி கேட்டீர்கள்.

“ஓம் அண்ணை.”

கிழமைக்கு ஒருதரமாக மூன்று கிழமை அந்த ஓமைச் சொன்னேன்.

மட்ச்சுக்கு முதல்நாள், கடைசி வெட்டு. சில்வண்டு கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. நீங்கள் தலையைச் சரித்துக் கேட்டீர்கள். நிற்பாட்டக் கை போக முதல், கிறீஸ் ஏறாத இடப்பக்கப் பெயாரிங் எரிந்து மணந்தது. உருளை இறுகி, மைதானத்தின் நடுவில் ஒரு பாயளவு புல்லை வேரோடு உரித்துக்கொண்டு நின்றது.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஓடி வந்தார். நீங்கள் குனிந்து நகத்தால் அந்த நிப்பிளைக் கிளறினீர்கள். சந்தனம் புண்ணின் பொருக்குப்போலக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. மணந்து பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் புல்லுக் கடகத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். கிறீஸ் அடிக்கிறேல்லையோ, சீற்றிலை இருந்து நித்திரையோ என்று அவர் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டார்.

உங்கடை கை அந்தப் பொருக்கைச் சட்டைப்பைக்குள் போட்டது.

“என்ரை கவனக்குறைவு, சேர்.”

அன்றைக்கே மெசின் திறப்பை உங்களிடமிருந்து வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். ஓய்வுபெறும்வரை தண்ணிக் குழாய் இழுத்தீர்கள். நான் தற்காலிக ஆள். வாய் திறந்தால் என்ரை வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு சாட்டு ஒன்றும் என்னிடம் இல்லை. அடுத்த ஆயுதபூசைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு போனேன். குழாயைப் போட்டுவிட்டு வந்து, “பொட்டை மெசின் மூடியிலை வை தங்கச்சி. நிப்பிளுக்கு வேலை கிடக்கு” என்றீர்கள். சிரித்தீர்களோ என்றுகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்கடை செத்தவீட்டிலும் தலைமாட்டில் இருந்து அழுதேனே தவிர, உங்கடை மனுசியிடம் சொல்லவில்லை.

பகல் ஒரு மணிக்குமேல் பொறுக்க ஏலவில்லை. பேத்திக்குக் குரல் பதிவு அனுப்பினேன். சந்தனத்தை எடு என்று மட்டும் சொல்லத்தான் தொடங்கினேன். அவள் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால்? அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தப் பெயாரிங்கை எரிச்சது அண்ணை இல்லை, நான்” என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம். குசினிக்குள் நின்ற மருமகள் அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

இரண்டு இருபதுக்குப் பதில் வந்தது. “ஓம் அம்மம்மா, துடைச்சிட்டன்.”

இத்தனை வருடத்துக்குப் பிறகும் உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சிக் கிடப்பது அந்தக் கறுப்பைப் பார்க்கிற கண்தான், அண்ணை. நான் சொன்ன ஓமும் அதோடு ஒட்டிக் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அவளுக்குத் திரும்பப் பதில் சொன்னது:

“ஓம் எண்டு சொன்னால் மட்டும் காணாது பிள்ளை. கறுப்பு எட்டிப் பாக்குமட்டும் அடி. பிறகு அந்த இடப்பக்கத்தைக் கிட்டப் பிடிச்சு, புதுப்படம் ஒண்டு எடுத்துப் போடு.”