தர்சினியை மலைக்கு அனுப்பினோம், அக்கா

என் பாசமுள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்து, "பிள்ளையைப் பாத்துக்கொள்ளடா" என்று மட்டும்தான் சொன்னீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. சரியாகப் பார்க்கிறேனா என்பதுதான் தெரியவில்லை. அதைக் கேட்க உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் தர்சினிக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. நீங்கள் போன முதல் வருசம் அவள் அழவேயில்லை. பிள்ளை தாங்கிக்கொண்டாள் என்று லண்டனில் விம்பிள்டன் கோயிலில் கண்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் நம்பினேன். பிறகுதான் தொடங்கியது. யூனிபோர்மோடு வீட்டைவிட்டு இறங்குவாள்; கொஞ்ச நேரத்தில் ஆள் வரவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். கடையில் ஏதோ எடுத்துப் பிடிபட்டாள். ஒருமுறை காணாமலே போய்விட்டாள். பிரைட்டன் கடற்கரையில் பொலிஸ் கண்டுபிடித்தது. கூட்டிக்கொண்டு வரும்போது காரில் நான் என்ன கேட்டாலும் கண்ணாடிக்கு வெளியேதான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டுக்கு வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வேல்ஸ் மலையில் ஒரு முகாம் இருக்கிறதாம். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கூடாரத்தில் படுத்து, மலை ஏறி, தாங்களே அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டும். வீட்டாரோடு போனில் பேசக்கூடாது. பழகிய எல்லாவற்றையும் விட்டு விலகி இருந்தால் மனம் திறக்குமாம். "கட்டாயம் குணம் வருமா?" என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை என்றார்.

என் மனைவி, உங்கள் மச்சாள் வதனிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "சண்டை நேரம் காட்டுக்குள்ள ஒளிச்சு ஒளிச்சுத்தானே நாங்கள் தப்பி வந்தனாங்கள்? இப்ப இந்தப் பிள்ளையைத் திரும்பவும் காட்டுக்கு அனுப்பப் போறியளோ? அதுக்கு மருந்தெண்டு பேரோ?"

அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அடுத்தமுறை பொலிஸ் கதவைத் தட்டினால் என்ன செய்தி கொண்டுவருவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஓம், அனுப்புவோம் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டிப்போக வேன் வந்த காலை, வாசலில் நின்று தர்சினி கேட்டாள். "மாமா, நான் உங்களுக்கு வேண்டாம், என்ன? அதுதானே அனுப்புறீங்கள்?"

"இல்லையம்மா. நீ எனக்கு வேணும். அதுதான் அனுப்புறன்."

"தட் டஸ்ன்ட் மேக் சென்ஸ், மாமா," என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். எனக்கும் அது விளங்காமல்தான் இருந்தது, அக்கா.

அவள் போன பிறகு தொலைக்காட்சியில் காலநிலை சொல்லும்போதெல்லாம் வேல்ஸ் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது பார்த்தாலும் அங்கே மழைமேகம்தான். நனைந்திருப்பாளோ? காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்லுவாள்? அங்கிருந்தும் ஓடி, வழி தெரியாத மலையில் நின்றால்? வேலையில் போன் அடித்தாலே முகாமிலிருந்தோ என்று ஓடிப்போய் எடுப்பேன்.

ஓடவில்லை. முழுவதும் இருந்து, கறுத்து மெலிந்து வந்தாள். வதனி அவித்த இடியப்பத்தைச் சொதியோடு வயிறு நிறையச் சாப்பிட்டாள். பிறகு, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "அங்க ஒருநாள் நெருப்புக்குப் பக்கத்தில இருந்து எல்லாரும் கதைச்சனாங்கள். நான் அம்மாவைப் பற்றிச் சொன்னனான். அழுதனான்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. வலிக்கவும் செய்தது. முகம் தெரியாத பிள்ளைகளிடம் சொல்ல முடிந்ததை இந்த வீட்டில் ஏன் சொல்ல முடியவில்லை?

குணமாகிவிட்டாள் என்று வதனி கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தாள். ஒரு மாதம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பவும் போன் வந்தது. திரும்பவும் அறைக் கதவு சாத்திக்கொண்டது. மலையில் இருந்த பிள்ளை வேறு, இந்த வீட்டில் இருக்கும் பிள்ளை வேறா? நான் அவளை வீணாக வதைத்துவிட்டேனா?

போன ஞாயிறு மத்தியானம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முகாமில் அவளோடு ஒரே கூடாரத்தில் இருந்தவள் கெல்லி என்ற பிள்ளை. தாய் தகப்பன் இல்லை. கவுன்சில் விடுதியில் வளர்கிறவள். முகாம் முடிந்து திரும்பியபோது அவளைக் கூட்டிப்போக யாருமே வரவில்லையாம். அந்தக் கெல்லி விடுதியைவிட்டு ஓடிவந்து, குரொய்டன் ரயில் ஸ்டேஷனில் நின்று தர்சினிக்குப் போன் எடுத்திருக்கிறாள்.

முந்திய தர்சினி என்றால் சொல்லாமல் இறங்கிப் போயிருப்பாள். அன்று ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். "மாமா, காரை எடுங்கோ. அவளைத் தனிய விடேலாது. ப்ளீஸ் மாமா, நீங்களும் வாங்கோ."

போனோம். ஸ்டேஷன் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, வதனி சோறு போட்ட பிறகு, கவுன்சிலுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். தர்சினி சத்தம் போடவில்லை. கெல்லிக்கு அவளே ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். கூட்டிப்போக ஆள் வரும்வரை இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சோபாவில் இருந்தார்கள்.

கெல்லியை ஏற்றிய கவுன்சில் கார் திரும்பி மறைந்ததும் தர்சினி கேட்டாள். "என்னையும் ஒருநாள் அப்பிடிக் கொண்டு போவினமோ, மாமா?"

மலை அவளுக்கு உதவியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாளைக்கே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரலாம். ஆனால் அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள், அக்கா. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அவள் எத்தனை தரம் ஓடினாலும், எந்த ஸ்டேஷனில் நின்றாலும், கூட்டிவர நான் போவேன்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உங்கள் தம்பி, தர்சினியின் மாமா