நீலச் சட்டையின் பை

என்னங்க,

கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள நீலச் சட்டையைக் கேட்டிருந்தீர்கள். ஜெயிலில் மாத்திரை தருகிறார்களா? மகள் பள்ளிக்குப் போகிறாள். என்னோடு பேசுவதில்லை.

வக்கீல் வந்தார். "சொந்தப் பிள்ளைக்கு வீட்டுல, கண்ணு முன்னாடி ஊத்திக் கொடுத்தா யாரும் கேஸ் போட மாட்டாங்க. அடுத்தவங்க பிள்ளைக்கும் கொடுத்ததுதான் கேஸாயிடுச்சு" என்றார். மகளின் பதினேழாம் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளிடம் நீங்கள் சொன்னதை அவரிடம் சொன்னேன்: "எங்கயோ ஒளிஞ்சு குடிக்கிறதுக்கு என் கண் பார்வையிலயே குடிங்க. ஆனா வண்டிச் சாவியெல்லாம் என்கிட்ட வந்துடணும்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. பொறுப்பான தகப்பன் என்று வாதாடலாமாம்.

உங்களோடு வாய்க்கு வாய் பேசுவாளே மகளின் தோழி, அந்த வாயாடியின் ஸ்கூட்டர் அன்றிலிருந்து நம் வாசலிலேயே நின்றது. நேற்று அவள் அம்மா எடுக்க வந்தார். வீடெல்லாம் தேடி, கடைசியில் நீலச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் பொண்ணு தள்ளாடித் தள்ளாடி நடந்தே போயிருக்கா. லாரி அடிச்சிடுச்சு. அவ வெளிய போனதை இந்த வீட்டுல ஒருத்தரும் பார்க்கல. சாவியை மட்டும் பத்திரமா வச்சிருந்திருக்கீங்க."

வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனார்.

வெள்ளைச் சட்டை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி