யார் கூப்பிட்டது

14.7.2024, ஞாயிறு

முட்டியில் இரண்டு இடத்தில் தோல் போயிருக்கிறது. டெட்டால் எரிகிறது. எழுதினால் எரிச்சல் மறக்குமா பார்ப்போம்.

மேகமலை அடிவாரத்தில் இன்று சீசனின் முதல் மலைச் சைக்கிள் பந்தயம். பன்னிரண்டு கிலோமீட்டர், கல்லும் முள்ளும். பெண்களில் பெயர் கொடுத்தது இரண்டே பேர்: நானும், தேனியில் காலேஜ் படிக்கிற விஜியும். மூன்று பேர் இருந்தால்தான் பெண்கள் பிரிவு என்பது சைக்கிள் கிளப்பின் விதி. பந்தயத்தை நடத்துகிற பிரின்ஸ் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருதான்க்கா இருக்கீக. ஆம்பளைகளோடயே ஓட்டிருங்க" என்றான். போன வருஷமும் இதே பேச்சுதான்.

நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறாவது வந்தேன். விஜி இருபத்திரண்டாவது. பரிசு கொடுக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்று கைதட்டினோம். முப்பத்தைந்து வயதில், விடியுமுன் எழுந்து, மகள் பாஜிலாவுக்குத் தோசை சுட்டு மூடி வைத்துவிட்டு, எக்ஸ்ரே சென்டரில் ஞாயிற்றுக்கிழமை டூட்டியை மாற்றிக் கேட்டு வாங்கிப் போனது கைதட்டவா?

எனக்கு ஜெயிக்கக்கூட வேண்டாம். ஒரே ஒரு தடவை மைக்கில் 'பெண்கள்' என்று கூப்பிட்டு, எங்களுக்கென்று தனியாக ஒரு விசில் ஊத வேண்டும். இந்த சீசனில் இன்னும் மூன்று பந்தயம் மிச்சம். மூன்றாவதாக ஒருத்தி வேண்டும்.

15.7.2024

மாடிப்படி ஏற முடியவில்லை. சென்டருக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்க வந்த பெரியவர், "ஒனக்குத்தாம்மா மொதல்ல எடுக்கணும் போல" என்றார்.

28.7.2024, ஞாயிறு

சாரல். உத்தமபாளையத்திலிருந்து லோயர் கேம்ப் வரை ஓட்டிப் போனேன். குமுளி மலை ஆரம்பிக்கிற முதல் வளைவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எப்போதும் அங்கேதான் திரும்புகிறேன். வீட்டுக்காரர் அல்தாப், "மலைச் சைக்கிள வச்சுக்கிட்டு மலையக் கண்டதும் திரும்புற ஆளு நீ ஒருத்திதான்" என்கிறார். அவருக்குத் தெரியாது. சொன்னதில்லை.

2005. பிளஸ் ஒன்னில் கொடுத்த இலவச சைக்கிள். மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் கூடப் படித்த உமாதேவிக்கும் அடுத்தடுத்த சைக்கிள். சீட்டின் பிளாஸ்டிக் உறையை நாங்கள் கிழிக்கவே இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே போய், உட்கார்ந்தால் சளக்கென்று சத்தம் வரும். அதற்கே தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டு போவோம். அப்படி ஒரு சிரிப்பு பிறகு எனக்கு வரவே இல்லை.

விளையாட்டு விழாவில் பையன்களுக்கு வேகச் சைக்கிள். எங்களுக்கு ஸ்லோ சைக்கிள். காலை ஊன்றாமல், கடைசியாக வருபவள் ஜெயித்தவள். உமா ஹேண்டிலை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு, நட்டு வைத்த மாதிரி நின்றாள். எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் பாதி தூரத்தில்தான் இருந்தாள். டிபன் பாக்ஸ் பரிசு. இறங்கி வந்து என் காதில், "இது என்னடி போட்டி, மாடு இதவிட வெரசாப் போகும்" என்றாள்.

அப்போதுதான் நான் சொன்னேன், நாமளே ஒரு பந்தயம் வைப்போம், குமுளி மலை ஏறுவோம் என்று. நான்தான் சொன்னேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

22.9.2024, ஞாயிறு

இரண்டாவது பந்தயம், வத்தலக்குண்டு பக்கம் ஒரு மாந்தோப்பு. பெண்கள் இரண்டு பேர். விஜியும் நானும். விதி விதிதானாம்.

சென்டரில் நர்ஸைக் கேட்டேன். அவளுக்கு இடுப்பு வலி. பாஜிலாவின் டீச்சரைக் கேட்டேன், சிரித்தாள். இன்னும் கேட்டால் என்னைப் பார்த்ததும் தெருவில் ஆள் இருக்காது.

6.10.2024, ஞாயிறு

உமாவைப் பார்த்தேன்.

அல்தாப் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். சொட்டுநீர்க் குழாய் வாங்க ஒரு குடும்பம் வந்திருந்தது. குழாயைத் தோள்பட்டையில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள் — உமா. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டமாம். அவள் வீட்டுக்காரர் அருண்பாண்டி எங்கள் கடையில் மூன்று வருஷமாக வாடிக்கையாம். எனக்குத்தான் தெரியவில்லை.

"நல்லாருக்கீகளா?" என்றாள்.

நீங்க. உமா என்னைப் பார்த்து, நீங்க.

வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவள் மகள் பிளஸ் ஒன்னாம். இலவச சைக்கிள் வந்திருக்கிறதாம். "இப்பவும் அதே பிளாஸ்டிக் கவருதான்" என்றாள். அப்போது மட்டும் முகத்தில் பழைய உமா வந்து போனாள். நம்பர் வாங்கிக்கொண்டேன்.

சரி, எழுதிவிடுகிறேன். ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு இரண்டு பேரும் மலை ஏறினோம். கியர் இல்லாத சைக்கிளில், பாதி மிதித்து, பாதி தள்ளி. மேலே குமுளியில் ஆளுக்கொரு டீ. இறங்கும்போது பந்தயம். காற்று காதை அடைத்தது. அவள் முன்னால், நான் பின்னால், தாவணி பறந்து என் கண்ணை மறைத்தது. அத்தா ஏலக்காய் வியாபாரமாகக் குமுளி போய்விட்டு ஜீப்பில் வந்தவர், எங்களைப் பார்த்து நிறுத்தினார். அடிக்கவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி: "யாரு கூப்பிட்டது?"

"உமாதான்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் பக்கத்தில் நின்றாள்.

அன்று சாயங்காலம் அத்தா அவள் வீட்டுக்குப் போய், அவள் அப்பா ராஜமணியிடம் சொல்லிவிட்டு வந்தார். சைக்கிளைப் பூட்டிவிட்டார்கள். பிறகு அவள் அண்ணன் அதில் பால் கேன் கட்டிக்கொண்டு திரிந்தான். உமா டவுன் பஸ்ஸில் வந்தாள், வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். என் சைக்கிளை யாரும் பிடுங்கவில்லை. படிப்பு முடியும்வரை அதில்தான் போனேன், அவள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தைத் தாண்டி.

9.10.2024

போன் போட்டேன். நான் எவ்வளவு பெரிய மடச்சி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எடுத்தவுடனே பந்தயத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது ஆள் வேண்டும், நீ வாடி, நீ நல்லா ஓட்டுவியே என்று.

கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "மூணாவது ஆளு கெடைக்கலைன்னதும் என் ஞாபகம் வந்துச்சாக்கும். வைக்கிறேங்க" என்றாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு?

20.10.2024, ஞாயிறு

மூன்றாவது பந்தயம். மழை. இரண்டு பேர். பின்சக்கரம் பஞ்சர். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

3.11.2024, ஞாயிறு

பந்தயம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டி போனேன். சைக்கிளில் போகவில்லை, பஸ்ஸில்.

பந்தலுக்கடியில் திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியபடியே வேலை. அண்ணாந்துதான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. நான் சொன்னேன்: "அன்னைக்கு நாந்தான் ஒன்னயக் கூப்பிட்டேன் உமா. பயந்துபோய் ஓம் பேரச் சொல்லிட்டேன். தப்பு."

கத்தரிக்கோல் நின்றது.

"எனக்குத் தெரியாதா? எங்கிட்ட வந்து சொல்ற. எங்கப்பாட்ட சொல்லிருக்கணும்டி. அவுக போயி ஆறு வருசம் ஆச்சு. சாகுறவரைக்கும், நாந்தான் அந்தப் பிள்ளயக் கெடுத்தேன்னு நெனச்சுக்கிட்டே போய்ட்டாக."

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஒரு பை நிறையத் திராட்சையைப் போட்டுக் கையில் கொடுத்து, "பஸ்ஸு நாலரைக்கு" என்றாள். போ என்று அர்த்தம்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. 'டி' போட்டுப் பேசியிருக்கிறாள்.

ஆனாலும் ராஜமணி மாமாவிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்? எந்த பஸ் போகும் அங்கே?

17.11.2024, ஞாயிறு

கடைசிப் பந்தயத்துக்கு பிரின்ஸ் இடம் தேடுகிறான். சைக்ளோகிராஸ். சின்ன வட்டம், திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். குறுக்கே பலகை இருக்கும், இறங்கிச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். முதல் போகம் அறுத்த வயல் நன்றாக இருக்கும் என்று நான்தான் யோசனை சொன்னேன். உத்தமபாளையம் பக்கத்திலேயே வேலுச்சாமி அண்ணன் வயல். அவரும், "ஓட்டிக்கங்கப்பா, வைக்கலு மட்டும் மிதிபடாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கிறது.

உமாவுக்குத் தேதியையும் இடத்தையும் மட்டும் மெசேஜ் அனுப்பினேன். வா என்று எழுதவில்லை. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

1.12.2024, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிக்க.

காலை ஆறரைக்குப் போனால் வயலில் வானம் தெரிகிறது. பாதி வயல் தண்ணீர். பிரின்ஸ் தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்திருந்தான். வேலுச்சாமி அண்ணன் மண்வெட்டியோடு நின்று, "நேத்து சாயங்காலம் எனக்குத் தண்ணி மொற தம்பி. ரெண்டாம் போகத்துக்கு மடையத் தெறக்காம, சைக்கிளுக்காக மொறைய விட்டுக் குடுக்க முடியுமா?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிரின்ஸ் தேனி டவுன்காரன், அவனுக்குத் தெரியாது. நான் இந்த வாய்க்கால் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். வயலைக் கேட்டேன், வைக்கோலைக் கேட்டேன், முறைத் தண்ணீர் என்றைக்கு என்று கேட்கவில்லையே. விஜி மட்டும் சந்தோஷமாக, "சேறுதான்க்கா சைக்ளோகிராஸ்" என்றாள். வட்டத்தை மாற்றாமல் அப்படியே நடத்துவது என்று முடிவானது. பாதி காய்ந்த களம், பாதி சேறு.

பெண்கள் பிரிவு? இரண்டு பேர். பிரின்ஸ் தாளை மடிக்கப் போனான்.

அப்போது அருண்பாண்டி அண்ணனின் லோடு வண்டி வந்து நின்றது. பின்னாலிருந்து சைக்கிளை இறக்கினாள் உமா. மகளின் இலவச சைக்கிள். கூடை இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை, இரண்டு மட்கார்டும் இல்லை. சீட்டில் பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தது.

"வழியில தண்ணி பாயுறதப் பாத்தேன். சேத்துல மட்கார்டு அடைச்சுக்கிரும். வண்டியிலயே கழட்டிட்டேன்" என்று பிரின்ஸிடம் சொன்னாள். என்னிடம் இல்லை. நான் பக்கத்தில் போனேன். "ஒனக்காக வரல. சைக்கிளுக்காக வந்தேன்" என்றாள்.

சேலையை மகளின் டிராக் பேண்ட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். ஹெல்மெட் இரவல். ஜாதகம் பார்ப்பதுபோல் பிரின்ஸ் விதித்தாளைப் பார்த்தான். கியர் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மைக்கில் கூப்பிட்டான். "பெண்கள். மூணு பேர்." ஒரு விசில், எங்களுக்கு மட்டும். எத்தனை நாள் நினைத்திருந்தேன், அந்த நேரம் பெடலில் கால் வைக்கவே மறந்து நின்றேன்.

ஐந்து சுற்று. விஜி கிளம்பியவள்தான், அப்புறம் அவள் முதுகைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு சுற்று நான் உமாவுக்கு முன்னால். களத்தில் நான் வேகம். சேற்றில் அவள் இறங்கி, திராட்சைக் கூடையைத் தூக்குவதுபோல் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, நாற்றுக்காரி நடையில் போனாள். மூன்றாவது சுற்றில் என் பின் கியரில் களிமண்ணும் வைக்கோலும் சுற்றி, மடக்கென்று முறிந்து தொங்கியது. அவளுக்கு முறிய கியரே இல்லை. என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டு உறைக்குள் தண்ணீர் போயிருந்தது. சளக், சளக்.

மீதி சுற்றெல்லாம் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டே ஓடினேன். தலைத்துணியெல்லாம் சேறு. அல்தாப் வரப்பில் நின்று, "ஷர்மி, அத எறக்கி வச்சிட்டாவது ஓடு" என்று கத்தினார்.

கடைசித் திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தால் — முடிவுக் கோட்டுக்கு இரண்டு அடி முன்னால், களத்து மேட்டில், உமா நிற்கிறாள். காலை ஊன்றாமல். ஹேண்டிலை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு. பிரின்ஸ் "தாண்டுங்கக்கா, தாண்டுங்க" என்கிறான். அவள் அசையவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்தேன். எனக்காகத்தான் நிற்கிறாள், சேர்ந்து தாண்டலாம் என்று நினைத்தேன். நான் ஒரு எட்டு தூரத்துக்கு வந்ததும், ஒரே மிதி. அவள் இரண்டாவது, நான் மூன்றாவது.

"என்னடி இது?"

"நீ பாக்க ஜெயிக்கணும்ல. அதுக்குத்தான் நின்னேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கிறோம், சிரிக்கிறோம், நிற்கவே இல்லை. எனக்கு அழுகை வந்ததை அவள் பார்த்திருப்பாள். சேற்றைத் துடைக்கத் துண்டை என் மேல் எறிந்தாள்.

2.12.2024

மூன்று பேரும் நிற்கிற படத்தை விஜி அனுப்பியிருக்கிறாள். இரண்டாவது பரிசு டிபன் பாக்ஸ்.

12.1.2025, ஞாயிறு

வியாழக்கிழமை உமா போன் போட்டாள். "ஞாயித்துக்கெழம குமுளி மல ஏறுவமா? பிள்ளைக்கு லீவு, சைக்கிள் சும்மாதான் கெடக்கு."

முதல் வளைவில் நான் நிற்கவில்லை. ஆறாவது வளைவில் இரண்டு பேரும் நின்றோம், மூச்சு முட்டியது. அவள் போன் அடித்தது. பேச முடியாமல் என்னிடம் நீட்டினாள். அருண்பாண்டி அண்ணன்.

"தோட்டத்துல ஆளு வந்து நிக்கிறாக. சொல்லாமக் கொள்ளாம ரெண்டு பேரும் மலைக்குப் போயிட்டீகளாமே. யாரு கூப்பிட்டது?"

"நாந்தாண்ணே கூப்பிட்டேன்" என்றேன்.

உமா என்னைப் பார்க்கவில்லை. பாட்டில் மூடியை மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சைக்கிளை நிமிர்த்தி, "வாடி, இன்னும் பாதி மல கெடக்கு" என்றாள்.